தராசில் வைத்த குரல்

ஒரு கதை பேய்க்கதை இல்லை, விஞ்ஞானக்கதைதான் என்று நண்பர்களிடம் நிரூபிப்பதற்காக, மலையில் ஒளிந்திருந்த ஒரு மனிதரைப் போலீசுக்குக் காட்டிக்கொடுத்தேன். அவருடன் அவருடைய மகளும் இருந்தாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. வாய் தவறி நடந்தது என்று பல வருடங்கள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். தெரிந்துதான் செய்தேன்.

அப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு மேனிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். இடஒதுக்கீடு கேட்டுக் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த காலம். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிடுவார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் நகர முடியாமல் வரிசையாக நிற்கும். பஸ் வராத நாட்களில் ஊரில் ஒரு மாதிரியான அமைதி இருக்கும். கடைவீதியில் நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கும்.

கடைவீதிக்குப் பின்சந்தில் ஒரு பாய் பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். அங்கேதான் சனிக்கிழமை பிற்பகல்களில் நாங்கள் நான்கு பேர் கூடுவோம். பாய், நான், தாலுக்கா ஆபீஸ் கிளார்க் ஒருவர், கல்வராயன் மலையடிவாரத்தில் ஓராசிரியர் பள்ளி நடத்திய ஒரு வாத்தியார். நால்வருக்கும் விஞ்ஞானக்கதைப் பைத்தியம். எடைக்கு வரும் கட்டுகளிலிருந்து பாய் எங்களுக்காகப் பிரித்து எடுத்து வைப்பார். மாத நாவல்கள், ரஷ்ய மொழிபெயர்ப்புகள், எப்படியோ அந்தச் சந்துக்கு வந்து சேர்ந்த இங்கிலீஷ் புத்தகங்கள். பெரும்பாலானவற்றுக்குக் கடைசிப் பக்கங்கள் இருக்காது.

அதில் ஒன்றுக்கு அட்டையும் இல்லை, முதல் பக்கமும் இல்லை, முடிவும் இல்லை. என்ன தலைப்பு, யார் எழுதியது என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ‘அட்டையில்லாதது’ என்றுதான் சொல்வோம். ஒரு விண்கப்பலில் காற்று கசிந்துகொண்டே இருக்கும். கப்பலில் இல்லாத ஒருவனின் குரல் வயர்லெஸ்ஸில் பதில் சொல்லும். அதோடு பக்கங்கள் கிழிந்துவிட்டன. எங்களுக்குள் பேச்சே அந்தப் புத்தகத்தின் வழியாகத்தான் நடக்கும். டீ தீர்ந்துவிட்டால் கிளார்க், “கேப்டன், காத்து கம்மி!” என்பார். வெளியாள் கேட்டால் பைத்தியம் என்று நினைப்பான்.

சண்டை எப்போதும் ஒன்றுதான். எது விஞ்ஞானக்கதை?

“மெசின் இருக்கணும். மெசின் இல்லன்னா அது பேய்க்கதை” என்பார் கிளார்க்.

“கிரைண்டர்ல மாவாட்டறதும் மெசின்தான். மாமியார் மருமக கதையெல்லாம் விஞ்ஞானமா?” என்பேன்.

“உங்க வூட்ல நடக்கறத சொல்லாதீங்க பிசிக்ஸ் சார்.”

பாய் சிரித்துக்கொண்டே கட்டுக்குச் சணல் சுற்றுவார். “என்கிட்ட கேளுங்க. அட்டையில ராக்கெட் போட்டிருந்தா கொஞ்சம் ஜாஸ்தி போகுது. பேய் போட்டிருந்தா இன்னும் ஜாஸ்தி. அவ்ளோதான் வித்தியாசம்.”

“பேய் ராக்கெட்ல வந்தா பாய்?”

“ரெண்டா கிழிச்சித் தனித்தனியா விப்பேன்.”

எனக்கு என் சொந்த இலக்கணம் இருந்தது. பேய்க்கதையில் ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. விஞ்ஞானக்கதையில் இருந்தே தீர வேண்டும். இதை நான் கரும்பலகையில் சூத்திரம் எழுதுவது போலச் சொல்வேன். தீர்ப்புக்கு ஒரு வழக்கமும் ஏற்படுத்தியிருந்தோம். உத்தரத்திலிருந்து தொங்கிய பாயின் தராசில் இடதுதட்டு விஞ்ஞானம், வலதுதட்டு பேய். ஒருவர் கதை சொல்லி முடித்ததும் கேட்டவர்கள் ஆளுக்கொரு எடைக்கல்லை எந்தத் தட்டிலாவது வைக்க வேண்டும். தட்டு சாய்ந்த பக்கம் தீர்ப்பு. இதில் ஒரு விதியைச் சேர்த்தவன் நான்தான். சொல்வது நடந்ததா, கற்பனையா என்று சொன்னவரை யாரும் கேட்கக் கூடாது. கதையைக் கதையாக மட்டும் எடை போட வேண்டும். இந்த விதி இல்லாதிருந்தால் அந்தச் சனிக்கிழமை நாங்கள் வேறு மாதிரிப் பேசியிருப்போம்.

அன்று மலையடிவாரத்து வாத்தியார் சைக்கிளிலேயே வந்திருந்தார். நான்கைந்து இடங்களில் விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டச் சைக்கிளைத் தோளில் தூக்கியிருக்கிறார். தண்ணீர் குடித்தார். பிறகு, “நான் ஒண்ணு சொல்லணும்” என்றார்.

அவருடைய பள்ளி மைதானத்துக்கு நேர் எதிரே மலை ஏறுகிறது. காலையில் வெயில் வரும்வரை பிள்ளைகளை வெளியே உட்காரவைத்துத்தான் பெயர் கூப்பிடுவார். மூன்றாம் வகுப்பில் தாயில்லாத பெண் ஒருத்தி. சில நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. வழக்கம் போல அவள் பெயரையும் கூப்பிட்டிருக்கிறார். ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து எதிர்ச்சரிவிலிருந்து “உள்ளேன் ஐயா” என்று வந்திருக்கிறது.

“பானைக்குள்ள வாய வெச்சிப் பேசற மாதிரி இருந்திச்சி. ஆனா அவ குரலுதான்.”

“எதிரொலி” என்றேன் உடனே.

“எதிரொலின்னா நான் சொன்னதத்தானே திருப்பிச் சொல்லணும் சார்? நான் பேரத்தானே கூப்பிட்டேன்?”

மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் அவள் பெயரை விட்டுவிட்டுக் கூப்பிட்டார். ஒன்றும் வரவில்லை. காய்ச்சலில் படுத்திருந்த வேறொரு பையனின் பெயருக்கும் பதில் வரவில்லை. அவள் பெயருக்கு மட்டும் வந்தது. பிள்ளைகள் யாரும் சொல்லாமலே திரும்பி, மலைக்கு முதுகு காட்டி உட்காரத் தொடங்கினார்கள். ஒரு சின்னப் பெண் எழுந்து, “ஐயா, அவதான் வந்திருக்காளே, ஆஜர் போடலியா?” என்று கேட்டாளாம்.

“இன்னா பண்ணீங்க?” என்றார் கிளார்க். குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

“போட்டுட்டேன்” என்றார் வாத்தியார்.

கடை வாசலில் ஒரு ஆடு சுவரொட்டியைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது.

அவள் வீடு எங்கே என்று கிளார்க் கேட்டார். வீடு பூட்டியிருக்கிறது என்றார் வாத்தியார். அப்பாவும் மகளும் உளுந்தூர்பேட்டைப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டதாக ஊரில் சொல்கிறார்கள். மரம் வெட்டிய வழக்கில் அப்பாவைத் தேடி இரண்டு முறை போலீஸ் வந்து போனது.

வாத்தியார் எங்களிடம் உதவி கேட்கத்தான் வந்திருந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பள்ளியை விட்டு நின்றுகொண்டிருந்தார்கள். அவருக்கே காலையில் பதிவேட்டைத் திறக்கப் பயம். அவர் முகத்தைப் பார்த்திருந்தால் எனக்கு அது புரிந்திருக்கும். நான் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளார்க் வலதுதட்டில் கல்லை வைத்தார். “அட்டையில்லாததுல வர்ற மாதிரியே இருக்குது. கப்பல்ல இல்லாதவன் பேசறான். ஆனா இங்க வயர்லெஸ் இல்ல. பேய்தான்.” பாயும் வலதுதட்டிலேயே வைத்தார். நான் இடதுதட்டில் வைத்தேன். தட்டு வலப்பக்கம் சாய்ந்தது. நான் தோற்றேன். வாத்தியார் தராசையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வாரம் முழுவதும் எனக்கு வேறு நினைவே இல்லை. பாடம் நடத்தும்போதும் அதுதான். மறு சனிக்கிழமை கடைக்குப் போனபோது விடை என் கையில் இருந்தது. வாத்தியார் வரவில்லை.

“அந்தப் பொண்ணு உளுந்தூர்பேட்டை போகல. மலையிலதான் இருக்கா. அப்பன் ஒளிஞ்சிருக்கான், கூட அவளும் இருக்கா. வாத்தியார் கூப்பிடறது மேல கேக்குது. பழக்கத்துல பதில் சொல்றா. அதான் அவ பேருக்கு மட்டும் வருது. இப்ப சொல்லுங்க, எந்தத் தட்டு?”

கிளார்க் யோசித்தார். “நீங்க போயி கேட்டீங்களா?”

“எதுக்குப் போகணும்? கணக்கு சரியா வருது.”

“கணக்கு உங்க கணக்கு. நிரூபணம் வேணும் சார். நிரூபிக்காத வரைக்கும் என் கல்லு பேய்த்தட்டுலதான்.”

அந்தச் சமயம் கடைக்குள் ஒரு காவலர் வந்தார். பந்தோபஸ்துக்காக வெளியூரிலிருந்து வந்து சங்கராபுரம் சாலையில் நின்றவர். பொழுது போவதற்கு மாத நாவல் வாங்க அடிக்கடி வருவார். நல்ல மனிதர். நான் அவரைப் பார்த்து, “சார், ஒரு கதை சொல்றேன். முடிவு சரியா இருக்குதான்னு சொல்லுங்க” என்றேன்.

சொன்னேன். பெயர் கூப்பிடுவது, பதில் வருவது, பிள்ளைகள் முதுகு காட்டி உட்காருவது, கடைசியில் என் விடை. ரசித்துத்தான் சொன்னேன். புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த அவருடைய கை நடுவிலேயே நின்றுவிட்டது. பாய் என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். அதையும் கண்டேன். ஆனாலும் முடித்தேன்.

“நல்லா இருக்குது சார்” என்றார் காவலர். “எந்த ஊரு பள்ளிக்கூடம்னு சொன்னீங்க?”

நான் சொல்லியிருக்கவில்லை. அப்போது சொன்னேன்.

நாங்கள் ஒரு மனிதரின் முறையீட்டைக் கதையாகக் கேட்டோம். காவலர் கதையை முறையீடாகக் கேட்டார். எங்கள் எல்லோரிலும் அவர்தான் சரியாகக் கேட்டவர்.

சில நாட்களில் மலையில் தேடிப் பிடித்துவிட்டார்கள். எதிர்ச்சரிவில் யாரும் இல்லை. அதற்கும் மேலே ஏறி மறுபக்கம் இறங்கினால் இருக்கும் ஒரு பாறைப் பொந்தில் இருந்திருக்கிறார்கள். கீழே கொண்டுவரும் வழியிலேயே அவரை அடித்திருக்கிறார்கள். ஒரு காது கேட்காமல் போயிற்று. மகள் அவருடைய துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தாளாம். உறவுக்காரர்கள் வந்து அவளைக் கூட்டிப்போனார்கள்.

செய்தி வந்த அன்று கிளார்க் ஒரு கல்லை எடுத்து இடதுதட்டில் வைத்தார். “ஜெயிச்சிட்டீங்க பிசிக்ஸ் சார்” என்றார். கிண்டலா, துக்கமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பாய் அந்தக் கல்லை எடுத்துக் கீழே வைத்தார். “இனிமே இதுல பேப்பர் மட்டும்தான் எடை போடறது” என்றார். அதன்பிறகு நாங்கள் கூடவில்லை.

அடுத்து நான் செய்ததைப் பல வருடங்கள் யாருக்கும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அடிவாரத்து வாத்தியார் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

“அவங்களப் புடிச்சிக்கினு போன மறுநாளும் பேரு கூப்பிட்டேன் சார். வாய்ப்பழக்கம். பதில் வந்திச்சி.”

“பிரமை” என்றேன்.

“பிள்ளைங்களும் கேட்டாங்க சார்.”

“பயத்துல இருக்கற பிள்ளைங்களுக்கு எதுவும் கேக்கும். இத யார்கிட்டயும் சொல்லாதீங்க. வேலைக்கு ஆபத்து.”

அவர் வேலையைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை. என் விடை உடைந்துவிடக் கூடாது என்பதே கவலை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு மாவட்டத்துக்குப் போனார். அங்கேயே இறந்துபோனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அவர் வந்து போன பிறகு எனக்குத் தூக்கம் கெட்டது. வகுப்பில் பெயர் கூப்பிட என்னால் முடியவில்லை. வகுப்புத் தலைவனிடம் கொடுத்துவிடுவேன். பரிகாரமாக ஏதாவது செய்தாக வேண்டும் போலிருந்தது. ஒரு வக்கீலைப் பார்த்து, என் வீட்டு வரி ரசீதைக் கொடுத்து, அந்த மனிதருக்கு ஜாமீன்தாரராக நின்றேன். அவர் வெளியே வந்தார். பின்னால் வழக்கும் தள்ளுபடியானது.

அதுவே பெரிய தண்டனையாக முடிந்தது. முன்பின் தெரியாத ஒரு வாத்தியார் தமக்காகக் கோர்ட்டு வாசலில் நின்றார் என்று அவர் நம்பினார். ஒவ்வொரு நிலக்கடலை அறுவடைக்கும் ஒரு பை மல்லாட்டையோடு வருவார். கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு, “நீங்க இல்லன்னா என் பொண்ணு நாதியத்துப் போயிருக்கும் சார்” என்பார். நான் பையை வாங்கி உள்ளே வைப்பேன். என் பிள்ளைகள் வேகவைத்த மல்லாட்டையைத் தின்று வளர்ந்தார்கள். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்திருக்கிறேன். மழை பெய்ததா, விளைச்சல் எப்படி என்று கேட்டு முடித்துவிடுவேன்.

அவர் இறந்து, கருமாதியும் முடிந்த பிறகுதான் எனக்குத் துணிச்சல் வந்தது. அதைத் துணிச்சல் என்று சொல்வதும் தவறு. மகள் அடிவாரத்திலேயே வாழ்க்கைப்பட்டு, வளர்ந்த மகனோடு இருந்தார். நரை தொடங்கியிருந்தது. கூடத்தில் பாய் விரித்து உட்காரவைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பர் கடை, தராசு, காவலர் கேட்டது, நான் ஊரின் பெயரைச் சொன்னது.

அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். “நான் உள்ளேன் ஐயான்னு சொன்னனா?”

“ஆமாம்மா. சின்னப் பிள்ள, பழக்கத்துல…”

“இல்ல சார். நாங்க இருந்த எடத்துல பள்ளிக்கூடத்து மணி மட்டும் லேசாக் கேக்கும். ஐயா பேரு கூப்பிடறது கேக்கவே கேக்காது. மணி அடிச்சா நான் போவணும்னு அழுவேன். அப்பா என் வாயப் பொத்திக்கினு மடியில வெச்சிக்குவாரு. மணி அடங்கற வரைக்கும் கைய எடுக்க மாட்டாரு. நான் ஒரு நாளும் குரல் குடுத்ததில்ல.”

“உங்களுக்கு ஞாபகம் இல்லாம இருக்கலாம்.”

“அப்பா கையில இருந்த பீடி வாசனை கூட ஞாபகம் இருக்குது சார்.”

நான் மேலும் ஏதோ சொன்னேன். காற்று வீசும் திசை, பாறைகளில் பட்டு ஒலி திரும்புவது. அந்த வயதிலும் என் வாய் விவாதம்தான் செய்தது. அவர் எழுந்தார். “வாங்க, பாத்துடலாம்” என்றார்.

அன்று பள்ளிக்கு விடுமுறை. கூரைக்குப் பதில் கான்கிரீட் கட்டடம் வந்திருந்தது. மைதானமும் எதிரே மலையும் அப்படியே இருந்தன. அவர் சேலையைச் செருகிக்கொண்டு ஆட்டுப்பாதையில் ஏறினார். அந்தப் பொந்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து கத்துவதாகப் பேச்சு. மகனும் நானும் கீழே நின்றோம். அவர் போய்ச் சேர்ந்திருப்பார் என்று மகன் சொன்னதும், மலையைப் பார்த்து அவருடைய பெயரைக் கூப்பிட்டேன். அந்தப் பெயரை நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் முறை. பிறகு இன்னொரு முறை. தொண்டை கமறும்வரை கூப்பிட்டேன். சரிவில் ஒரு பறவைகூட எழவில்லை. மகன் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டான். இல்லை என்று தலையசைத்தான்.

அவர் வியர்த்து இறங்கி வந்தார்.

“கூப்பிட்டீங்களா?”

“பல தடவ.”

“ஒண்ணும் கேக்கல. நானும் அடிவயித்துலேருந்து கத்தினேன்.”

“எங்களுக்கும் கேக்கலம்மா. இப்ப மரமெல்லாம் வளந்து…”

“அப்ப காடு இதவிட ஜாஸ்தி சார்.”

அதற்குப் பிறகுதான் இன்னொன்றையும் சொன்னேன். அவர்களைப் பிடித்துக்கொண்டு போன மறுநாளும் பதில் வந்ததையும், அதை நான் அமுக்கியதையும். அவர் செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டார்.

“அப்ப எங்கப்பாவ எதுக்கு சார் புடிச்சிக் குடுத்தீங்க?”

“ஒரு விவாதத்துல ஜெயிக்கறதுக்கும்மா.”

“ஜெயிச்சீங்களா?”

“ஜெயிச்சேன்.”

அவர் மகனிடம் என்னைக் கள்ளக்குறிச்சியில் கொண்டுபோய் விடச் சொன்னார். தான் வரவில்லை என்றார். வண்டி திரும்பும்போது பார்த்தேன். மைதானத்தில் மலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

மன்னிப்பு கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று மட்டும் நினைத்தேன். அது இறங்கியது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். பாரம் எங்கே போனது என்பது போன மாதம்தான் தெரிந்தது. அந்த மகன் என் வீட்டுக்கு வந்தான். வண்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே வாசலில் நின்று பேசினான்.

“அம்மா தினம் காலையில பள்ளிக்கூடத்துக்குப் போயிடறாங்க சார். மணி அடிக்கறதுக்கு முன்னாடியே போயி மலையப் பாத்து நின்னுக்கினு இருக்காங்க. பேரு கூப்பிட்டு முடியற வரைக்கும் நவுர மாட்டேங்கறாங்க. பசங்கல்லாம் பயப்படுதுங்க. டீச்சரம்மா என்னக் கூப்பிட்டு சொல்றாங்க. கேட்டா, ‘என் பேருல இன்னொருத்தி அங்க இருக்கா, அவளுக்கு யாரும் இல்ல’ங்கறாங்க. நீங்க படிச்சவங்க. நீங்க வந்து அங்க ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க சார். நீங்க சொன்னா கேப்பாங்க.”

அம்மாவுக்கு ஏதாவது கேட்கிறதா என்று நான் அவனிடம் கேட்கவில்லை. வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இன்னும் போகவில்லை.